மாத்திரை இருப்பு சரி, அளவு சரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கி இன்ஃபுளுயன்சா காய்ச்சல் தலைகாட்டியதும், ‘ஒசல்டாமிவிர் மாத்திரைகள் போதிய அளவு கையிருப்பில் உள்ளன’ என்ற செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. எத்தனை லட்சம் மாத்திரை என்று தலைப்பே போடுகிறார்கள். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற பேச்சு மட்டும் எங்கும் இல்லை. 2017-இல் இந்த மருந்து கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணையிலிருந்து ஹெச்1 அட்டவணைக்கு மாற்றப்பட்டது. அதன்பின் சாதாரண மருந்துக் கடைகளிலும் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கிறது. மருந்து எளிதில் கிடைக்கும்போது அளவு தவறும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே சுகாதாரத் துறைக்கும் மருத்துவர்களுக்கும் இந்தக் கடிதம் வழியே வைக்கும் கோரிக்கை இதுதான்: வைரஸ் எதிர்ப்பு மருந்து எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் நோயாளியின் எடை, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்), அது பார்த்த தேதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

காரணம் எளியது. ஒசல்டாமிவிர், அசைக்ளோவிர், வால்கான்சைக்ளோவிர், டெனோஃபோவிர், என்டிகாவிர் ஆகிய வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் எல்லாமே பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறுகின்றன. சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால், அடுத்த வேளை மாத்திரை வரும்போது முந்தைய வேளையின் மருந்து இன்னும் ரத்தத்திலேயே இருக்கும். மூன்றாம் நாளில் அது விஷ அளவை எட்டலாம். மறுபுறம், பயந்துகொண்டு தேவைக்கு மேல் குறைத்தால் வைரஸ் அடங்காது; சில வைரஸ்கள் மருந்துக்குப் பழகி எதிர்ப்புத் திறனும் பெற்றுவிடும். இரண்டு தவறும் நடக்கின்றன. இரண்டாவது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து ‘கிரியேட்டினின் நார்மல்’ என்று சொல்லிவிடுவதில்தான் பாதிப் பிழை தொடங்குகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 74 வயதுப் பெண்மணி, எடை 42 கிலோ, கிரியேட்டினின் 1.1. அருகில் 35 வயது ஆண், எடை 70 கிலோ, அவருக்கும் அதே 1.1. இருவர் ரிப்போர்ட்டிலும் சிவப்புக் குறி விழாது. 1976-இல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் மருந்து அளவுக்கு அடிப்படையாக இருக்கிறது. 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்க வேண்டும். கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி, வரும் எண்ணால் அதை வகுக்க வேண்டும். பெண்ணானால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். இந்த விடைக்குக் ‘கிளியரன்ஸ்’ என்று பெயர்; சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு. இளைஞருக்கு வருவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 93 மி.லி. பெண்மணிக்கு 66-ஐ 42-ஆல் பெருக்கினால் 2772, 79.2-ஆல் வகுத்தால் 35, 0.85-ஆல் பெருக்கினால் 30-க்குச் சற்றுக் குறைவு. ரத்தத்தில் அதே எண் இருந்தும் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் மூன்று மடங்கு வேறுபாடு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த முதியவரிடம் தசையே குறைவு என்பதால் எண் உயர்வதில்லை.

இப்போது பல லேப்களில் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) என்ற எண்ணையும் அச்சிட்டுத் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஒருவருக்கு ஈடாக்கிச் சொல்லப்படும் எண். அதே பெண்மணிக்கு அது ஏறத்தாழ 53 என்று வரும். 53-ஐ நம்பினால் அசைக்ளோவிர் ஊசி 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, டெனோஃபோவிர் தினமும். 30-ஐ எடுத்தால் அசைக்ளோவிர் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, டெனோஃபோவிர் ஒன்றுவிட்டு ஒருநாள். உடல் சிறுத்தவர்களுக்கு லேப் தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை அவருடைய உடற்பரப்புக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் எடையைச் சேர்க்கும் பழைய சூத்திரத்தைப் போட வேண்டும். அதற்குத்தான் சீட்டில் எடை வேண்டும் என்கிறேன். வார்டில் எடை பார்க்கும் மெஷின் மூலையில் கிடக்க, கேஸ் ஷீட்டில் ‘சுமார் 60’ என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. நம் ஊர்ப் பாட்டிகளில் அறுபது கிலோ எத்தனை பேர்?

இன்னொன்றும் உண்டு. நேற்று 1.1 இருந்து இன்று 2.2 ஆகியிருந்தால், எந்தச் சூத்திரமும் உதவாது. கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது சிறுநீரகத்தின் உண்மை நிலை அந்த எண் காட்டுவதைவிட மோசமாகவே இருக்கும். அங்கே சிறுநீர் எத்தனை மி.லி. வந்தது என்ற வார்டு சார்ட்தான் வழிகாட்டி. தேதி இல்லாத கிரியேட்டினினை வைத்துக்கொண்டு எதுவும் தீர்மானிக்க முடியாது.

இனி மருந்து மருந்தாக. ஒசல்டாமிவிர் பெரியவர்களுக்கு 75 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் நன்றாக இருக்கும். மேற்சொன்ன கிளியரன்ஸ் 30 முதல் 60 வரை இருந்தால் 30 மி.கி. இரண்டு வேளை, 10 முதல் 30 வரை என்றால் 30 மி.கி. ஒரே வேளை. அந்தப் பெண்மணி இந்த எல்லைக் கோட்டில்தான் நிற்கிறார். கர்ப்பிணிகளுக்கு அளவைக் குறைக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் கூடுதல் வேகத்தில் வேலை செய்யும். நோய் கடுமையாக இருக்கிறதே என்று 150 மி.கி. ஆக்குவதும் உண்டு. தென்கிழக்கு ஆசிய மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், கடும் இன்ஃபுளுயன்சாவுக்கு இரட்டை அளவு கொடுத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் வயதைக் கேட்டு மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரு வயதுக்கு மேல் 15 கிலோ வரை 30 மி.கி.; 15-க்கு மேல் 23 வரை 45; 23-க்கு மேல் 40 வரை 60; அதற்கு மேல் பெரியவர் அளவான 75. எல்லாம் இரண்டு வேளை. எட்டு வயதில் 19 கிலோ பிள்ளையும் இருக்கிறது, 38 கிலோ பிள்ளையும் இருக்கிறது. முன்னதற்கு 45, பின்னதற்கு 60. ஒரு வயதுக்குக் கீழே கிலோவுக்கு 3 மி.கி. வீதம்.

சிரப்பில்தான் ஆபத்து அதிகம். நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பது 1 மி.லி.யில் 12 மி.கி. உள்ள புட்டி. 14 கிலோ குழந்தைக்கு 30 மி.கி. என்றால் 2.5 மி.லி. ‘ஒரு மூடி கொடுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொன்னால், மூடி 5 மி.லி., உள்ளே போவது 60 மி.கி. சரியாக இரண்டு மடங்கு. 2009 பெருந்தொற்றின்போது அமெரிக்காவிலும் இதே குழப்பம் வந்தது. பெட்டிக்குள் இருந்த சிரிஞ்சில் 30, 45, 60 என்று மில்லிகிராம் கோடுகள், சீட்டிலோ மி.லி., தேக்கரண்டிக் கணக்கு. அங்கே அரசு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. பிறகு 2011-இல் 1 மி.லி.யில் 6 மி.கி. என்று மருந்தின் அடர்த்தியையே மாற்றினார்கள். வெளிநாட்டு இணையதளத்தில் ‘5 மி.லி.’ என்று படித்துவிட்டு இங்குள்ள புட்டியில் அதே 5 மி.லி. ஊற்றிக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். சீட்டில் ‘30 மி.கி. = 2.5 மி.லி. (12 மி.கி./மி.லி. சிரப்)’ என்று மூன்றையும் எழுதினால் தவறு நடக்க இடமில்லை. கடைக்காரர் 5 மி.லி. சிரிஞ்சு ஒன்றை ஊசி இல்லாமல் கொடுத்து, 2.5 கோட்டில் பேனாவால் குறி போட்டும் தரலாம். தூளில் தண்ணீர் கலக்கும்போது லேபிளில் உள்ள அளவையே ஊற்ற வேண்டும். ‘புட்டி நிறைய’ ஊற்றினால் மருந்து நீர்த்துவிடும். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும், ஏனெனில் மருந்து அடியில் தங்கும்.

சிரப் கிடைக்காத நாட்களும் வரும். அப்போது 75 மி.கி. கேப்ஸ்யூலைத் திறந்து தூளை 5 மி.லி. தண்ணீரில் கலந்தால் 1 மி.லி.க்கு 15 மி.கி. கணக்காகிறது. 2 மி.லி. எடுத்தால் 30 மி.கி., 3 மி.லி. என்றால் 45, 4 மி.லி. என்றால் 60. மீதியைக் கொட்டிவிட வேண்டும். கடும் கசப்பு, சர்க்கரைப் பாகில் கலந்து கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடாது. கேப்ஸ்யூலைக் கண் அளவில் பாதியாகப் பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவதைக் கைவிட வேண்டும்.

அசைக்ளோவிர்தான் சிறுநீரக நோயாளிகளிடம் அதிகம் வம்பு செய்கிற மருந்து. அக்கிக்கு வழக்கமான அளவு 800 மி.கி., நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். தோல் நோய்ப் பிரிவில் இந்த வரி கை தானாக எழுதும் வரி. டயாலிசிஸ் நோயாளிக்கும் அதே வரி விழுந்தால் இரண்டு மூன்று நாளில் உளறல், இல்லாத உருவங்களைக் காண்பது, நாக்குக் குழறல், கை கால் வெட்டி இழுப்பது எல்லாம் வரும். வீட்டார் பயந்து அழைத்து வந்ததும், அக்கி மூளைக்கு ஏறிவிட்டதோ என்று சந்தேகித்து மருந்தை இன்னும் கூட்டி ஊசியாகப் போடும் அபாயம் இருக்கிறது. உண்மையில் செய்ய வேண்டியது மருந்தை நிறுத்திவிட்டு டயாலிசிஸ். மருந்தில் கணிசமான பகுதி அதில் வெளியேறிவிடும், தெளிவும் திரும்பும். கிளியரன்ஸ் 10-க்கும் 25-க்கும் இடையில் இருந்தால் 800 மி.கி. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. 10-க்குக் கீழ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதையும்விடக் குறைக்கும் சிறுநீரக மருத்துவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டுக்கொண்டு எழுதுவதே முறை. அதே இனத்து வேலசைக்ளோவிர் என்றால் 1 கிராம் மூன்று வேளை என்பது 30–49-இல் இரண்டு வேளையாகும். 10–29-இல் ஒரு வேளை. 10-க்குக் கீழ் 500 மி.கி. ஒரு வேளை.

ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சலில் நிலைமை நேர்மாறானது. அங்கே தாமதமும் குறைவான அளவும் உயிருக்கே ஆபத்து. கிலோவுக்கு 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் முதல் டோஸை முழுதாகவே போட வேண்டும். கிளியரன்ஸ் 25–50 என்றால் அதே டோஸ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 10–25 என்றால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. 10-க்குக் கீழ் வந்தால்தான் டோஸையும் பாதியாக்குகிறோம். மிகப் பருமனானவருக்கு உள்ள எடையை அப்படியே போடாமல் உயரத்துக்கேற்ற எடையில் கணக்கிட வேண்டும்.

ஊசி போடும் விதமும் டோஸைப் போலவே முக்கியம். 60 கிலோ நோயாளிக்கு 600 மி.கி.; இதை 100 மி.லி. சலைனில் கலந்தால் 1 மி.லி.யில் ஏறத்தாழ 6 மி.கி. 7-ஐத் தாண்டக் கூடாது. ஓட வேண்டிய நேரம் ஒரு மணி. அடுத்த ஊசிக்கு நேரமாகிவிட்டதென்று பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டால், சிறுநீரில் கரையாத அசைக்ளோவிர் ஊசி ஊசியான படிகங்களாகச் சிறுநீரகக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். முதல் ஓரிரு நாளிலேயே கிரியேட்டினின் ஏறத் தொடங்கும். டிரிப் போதுமான அளவு ஓடுகிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்ப்பதும், காய்ச்சலுக்கு டைக்ளோஃபினாக் ஊசியைத் தவிர்ப்பதும், ஒருநாள் விட்டு ஒருநாளாவது கிரியேட்டினின் பார்ப்பதும் இதனால்தான். மருந்து கடும் காரத்தன்மை உடையது. நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும். கைமுட்டியில் ஊசி நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. சிகிச்சையில் இப்போது பெரும்பாலானோர் சாப்பிடுவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. வசதியானது. ஆனால் சிறுநீரகம் குறைந்தால் இதை உடைத்துப் பாதி கொடுப்பதோ, ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுப்பதோ தவறு. குறைக்க வேண்டியது டெனோஃபோவிரை. டோலுடெக்ராவிரைக் குறைத்தால் வைரஸ் மறுபடி தலைதூக்கும். கூட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுத் தனித்தனி மருந்தாக மாற்ற வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் 0.1 முதல் 0.2 வரை கூடும். கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வழியை அந்த மருந்து மறிப்பதால் வரும் ஏற்றம் அது. சிறுநீரகம் கெட்டதால் அல்ல. அந்த அளவோடு நின்றுவிட்டால் பதறி மருந்தை மாற்ற வேண்டாம். தொடர்ந்து ஏறினால் டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும்.

காசநோயும் சேர்ந்தவர்களுக்கு அளவைக் கூட்ட வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி டோலுடெக்ராவிரை வேகமாக அழித்துவிடுகிறது. ஆகவே கூட்டு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக இன்னொன்று. ரிஃபாம்பிசின் நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் இது தொடர வேண்டும், ஏனென்றால் தூண்டப்பட்ட கல்லீரல் உடனே பழைய நிலைக்கு வராது. காசநோய் மாத்திரை ஓரிடத்தில், ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. மாத்திரை வேறிடத்தில் என்று இரண்டு அட்டைகளோடு அலைபவர்களிடம்தான் இந்த இரண்டாவது மாத்திரை விட்டுப்போகிறது. ஒரு அட்டையில் உள்ளது மற்றதில் எழுதப்பட வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்தே டோலுடெக்ராவிருடன் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சேராது. அலுமினியம், மக்னீசியம் கலந்த அல்சர் மருந்துக்கு டோலுடெக்ராவிர் இரண்டு மணி நேரம் முந்த வேண்டும், அல்லது ஆறு மணி நேரம் பிந்த வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் நாளைக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

மரபணு பார்த்து அளவு தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டதாகப் பேசுகிறார்கள். அதற்கு நம் ஊரிலேயே முன்னோடி வேலை நடந்திருக்கிறது. சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் தென்னிந்திய நோயாளிகளிடம் ஆராய்ந்து, எஃபாவிரன்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தின் ரத்த அளவைத் தீர்மானிப்பதில் ரிஃபாம்பிசினைவிட சி.ஒய்.பி.2பி6 என்ற மரபணுவின் வேறுபாடே பெரிது என்று 2009-இல் காட்டினார்கள். அந்த மருந்தே இப்போது முதல் வரிசையிலிருந்து இறங்கிவிட்டது. மரபணுப் பரிசோதனை வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் எடை மெஷினும் கிரியேட்டினினும் ஒழுங்காகப் பயன்பட வேண்டும்.

ஹெபடைடிஸ்-பி நோயாளிகளுக்கு என்டிகாவிர் 0.5 மி.கி. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ. கிளியரன்ஸ் 30–49-இல் இரண்டு நாளுக்கு ஒன்று, 10–29-இல் மூன்று நாளுக்கு ஒன்று. நாள் மறந்துபோகும் என்பதால் காலண்டரில் முன்கூட்டியே வட்டம் போட்டுக் கொடுப்பது நல்லது.

அளவைக் குறைத்துவிட்டு மறுபடி ஏற்ற மறப்பது சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களிடம் அடிக்கடி நேரும் பிழை. சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) கிருமி தாக்கியிருந்தால் வால்கான்சைக்ளோவிர் 900 மி.கி. இரண்டு வேளை, கிளியரன்ஸ் 40–59-இல் 450 இரண்டு வேளை, 25–39-இல் 450 ஒரு வேளை, 10–24-இல் ஒன்றுவிட்டு ஒருநாள் 450. புதுச் சிறுநீரகம் முதல் வாரத்தில் 20-இல் இருக்கும், மூன்றாம் வாரத்தில் 60-ஐத் தாண்டிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய ‘ஒன்றுவிட்டு ஒருநாள்’ மட்டும் அப்படியே நிற்கும். குறைந்த அளவில் வாரக்கணக்கில் வைரஸைப் பழக்கினால், கிருமியின் யு.எல்.97 மரபணு மாறி மருந்து கேட்காமல் போய்விடும். பிறகு ஃபாஸ்கார்னெட் போன்ற, சிறுநீரகத்தையே தாக்கும் மருந்துக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு கிரியேட்டினினுக்கும் ஒருமுறை அளவைத் திருப்பிக் கணக்கிட வேண்டும். வெள்ளையணு குறைகிறதா என்று வாரம் ஒருமுறையாவது ரத்தம் பார்க்க வேண்டும். வெள்ளையணு குறைந்தால், வைரஸ் மருந்தை அரைகுறையாகக் குறைப்பதற்கு முன் மற்ற மருந்துகளில் எதை மாற்றலாம் என்று பார்ப்பதே சரி. மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது; தூள் கையில் படுவதும் நல்லதல்ல.

நம் நாட்டில் 2008 முதல் ஃபார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பு இருக்கிறது. 2015-இன் மருந்தியல் பணி விதிமுறைகள் மருந்தாளுநருக்கு ஆலோசனை கூறும் பொறுப்பைத் தருகின்றன. அரசு மருத்துவமனைகளில் இவர்களை வார்டுக்கு அனுப்பி இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம். அது நடக்கும்வரை சீட்டு அச்சடிக்கும்போது மூன்று காலிக் கட்டங்கள் சேர்ப்பதற்கு அரசாணைகூட வேண்டியதில்லை. எடை, கிரியேட்டினின், தேதி காலியாக இருந்தால் மருந்தாளுநர் மருத்துவருக்கு ஒரு போன் செய்து கேட்கட்டும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களும் தங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதி வைக்கலாம்: எடை, கடைசி கிரியேட்டினின், தேதி, சாப்பிடும் மற்ற மருந்துகள், சித்த மருந்தும் வலி மாத்திரையும் சேர்த்துத்தான். டயாலிசிஸ் எடுப்பவர்கள் எந்தெந்தக் கிழமை என்பதையும் எழுதவும். ஒசல்டாமிவிர் அவர்களுக்கு ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்த பிறகு 30 மி.கி. மட்டும், காலையில் சாப்பிட்டுவிட்டு மெஷினில் படுத்தால் மருந்தும் சேர்ந்து வெளியேறிவிடும்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை.